வக்கீல் எழுதினால் அது பேச்சா, விளம்பரமா? பொதுமக்களுக்குச் சட்டம் எழுதுவோருக்கான கையேடு

"செக் திரும்பி வந்துவிட்டது, என்ன செய்வது?" என்று தேடுகிறவருக்கு இரண்டு வகைத் தமிழ்க் கட்டுரைகள் கிடைக்கும். முதல் வகையில் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881இல் வந்த வரலாறு மூன்று பத்திக்கு ஓடும். அடுத்து "தாமதித்தால் உரிமை பறிபோகும்" என்று ஒரு மிரட்டல், கடைசியில் ஒரு கைப்பேசி எண். எத்தனை நாளில் உரிமை போகும் என்பது மட்டும் எங்கும் இருக்காது. இரண்டாம் வகையில் நாள் கணக்கு இருக்கும், நோட்டீஸில் என்ன எழுத வேண்டும் என்று இருக்கும், எந்தக் கோர்ட் என்றும் இருக்கும். படித்தவர் அன்று மாலையே வங்கியின் மெமோவைத் தேடி எடுத்து வைப்பார்.

தமிழ்நாட்டில் தொழில் செய்யும் வழக்கறிஞர்கள் இரண்டாம் வகையை எழுதுவது எப்படி என்பதே இங்கே பேச்சு. பேஸ்புக்கோ சொந்த இணையதளமோ வாட்ஸ்அப்பில் சுற்றும் கட்டுரையோ, எதற்கும் இது பொருந்தும். எழுதி முடித்ததும் உங்கள் பெயரையும் எண்ணையும் அடித்துவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். மிச்சமிருப்பதை வைத்து வாசகர் ஒரு காரியமாவது செய்ய முடிந்தால் வெளியிடலாம். அழைப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை என்றால் நீங்கள் எழுதியிருப்பது நோட்டீஸ் போர்டு.

முதலில் விதி 36

வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிகளில் ஆறாம் பாகம், இரண்டாம் அத்தியாயத்தில் உள்ள 36ஆம் விதியைப் பெரும்பாலோர் "விளம்பரம் செய்யக் கூடாது" என்ற ஒற்றை வரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். விதி அதைவிட நுணுக்கமானது. நேரடியாகவோ மறைமுகமாகவோ வழக்குகளைத் தேடிப் போகக் கூடாது என்கிறது. சுற்றறிக்கை, விளம்பரம், தரகர், தனிப்பட்ட கடிதத் தொடர்பு, சொந்தப் பழக்கம் இல்லாத இடத்தில் போய்ச் சந்திப்பது எல்லாம் அதில் அடக்கம். தான் நடத்தும் வழக்கை ஒட்டிப் பத்திரிகையில் கருத்து வரவைப்பதும், படம் வரவைப்பதும் அடக்கம். பெயர்ப் பலகையிலும் லெட்டர்பேடிலும் பார் கவுன்சில் பதவி, சங்கப் பதவி, முன்னாள் நீதிபதி என்பது, இன்ன வகை வழக்கில் நிபுணர் என்பது எதுவும் வரக் கூடாது.

2008இல் இதற்கு ஒரு விலக்கு சேர்ந்தது. பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, அது ஏற்ற வடிவில், வழக்கறிஞர் இணையதளத்தில் சில விவரங்களைத் தரலாம்: பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பதிவு எண், பதிவான தேதி, எந்த மாநில பார் கவுன்சில், எந்தச் சங்கத்தில் உறுப்பினர், கல்வித் தகுதி, எந்தத் துறையில் தொழில் செய்கிறார் என்பவை. இவை உண்மை என்ற உறுதிமொழியும் வேண்டும். இதற்கு மேல் சேர்ப்பது எதுவும் விதிமீறல் என்று அந்த விலக்கே சொல்கிறது. நடவடிக்கை வழக்கறிஞர்கள் சட்டம் 1961இன் 35ஆம் பிரிவில். கண்டிப்பு முதல் பெயர் நீக்கம் வரை அதில் தண்டனை உண்டு.

ஆக "சிவில், கிரிமினல், தொழிலாளர்" என்று போடலாம். "விவாகரத்து ஸ்பெஷலிஸ்ட்", "மதுரையின் நம்பர் 1", "98 சதவீதம் வெற்றி" எதையும் போட முடியாது. கட்சிக்காரரின் நன்றிக் கடிதம், தீர்ப்பு நகலோடு நீதிமன்ற வாசலில் எடுத்த படம், "இன்று நம் அலுவலகத்துக்கு இன்னொரு வெற்றி" என்ற ஸ்டேட்டஸ் ஆகியவையும் இதே கணக்கில்தான் வரும். கடைசியாகச் சொன்னதை எத்தனையோ பேர் தினமும் போடுகிறார்கள். அதனால் அது விதிக்கு உட்பட்டதாகிவிடாது.

2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு இந்த விஷயத்தில் கடுமையாகவே தீர்ப்பளித்தது. விளம்பரம் மூலமோ இணைய இடைத்தரகு நிறுவனங்கள் மூலமோ வழக்கு பிடிக்கும் வழக்கறிஞர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும்படி மாநில பார் கவுன்சில்களுக்கு அறிவுறுத்த வேண்டும் என்று இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. 2025 மார்ச்சில் பார் கவுன்சில் வெளியிட்ட அறிக்கை சமூக ஊடக விளம்பரங்களையும், நடிகர்களை வைத்து எடுக்கும் விளம்பரப் படங்களையும், தகுதியில்லாமல் சட்டம் பேசும் "இன்ஃப்ளுயன்சர்"களையும் பெயர் சொல்லாமல் சாடியது.

இன்னொன்று. "வக்கீல்களுக்கான கன்டென்ட் மார்க்கெட்டிங்" என்று கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் அமெரிக்கச் சரக்கு. அங்கே 1977இல் அரிசோனா மாநில வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் வழக்கறிஞர் விளம்பரத்துக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு என்று சொல்லிவிட்டது. அந்த வழிகாட்டி சொல்கிறபடி ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் "இலவச ஆலோசனைக்கு அழையுங்கள்" பொத்தான் வைத்தால், சேலத்திலோ திருநெல்வேலியிலோ அது உங்களுக்கு எதிரான சாட்சியம் ஆகலாம்.

கேள்வியை எங்கிருந்து எடுப்பது

"இந்து வாரிசுரிமைச் சட்டம்: ஓர் அறிமுகம்" என்று தலைப்பு வைத்தால் சட்டக் கல்லூரி மாணவர்தான் படிப்பார். சேம்பர் வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர் கேட்பது வேறு: "அப்பா பேர்ல இருந்த வீட்டை அண்ணன் மட்டும் பட்டா மாத்திக்கிட்டாரு, எனக்குப் பங்கு போயிடுச்சா?" இந்த வாக்கியம்தான் தலைப்பு. குமாஸ்தாவிடம் ஒரு நோட்டு கொடுத்து, வருகிறவர்கள் முதலில் கேட்கும் வாக்கியத்தை அப்படியே எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், வாக்கியம் மட்டும் போதும். ஒரு மாதத்தில் ஒரே கேள்வி ஐந்தாறு வடிவத்தில் வந்திருப்பது தெரியும். அதிகம் திரும்பி வருவதை எடுங்கள்.

ஒரு கட்டுரைக்கு ஒரு கேள்வி. பட்டா மாறியதால் பங்கு போகாது என்று சொல்ல வந்த கட்டுரைக்குள் உயில், தானப் பத்திரம், பாகப்பிரிவினை முத்திரைத் தீர்வை எல்லாவற்றையும் நுழைத்தால் எதுவும் நிற்காது.

பதிலுக்கு முன் வாசகரிடம் திருப்பிக் கேட்க வேண்டியவை இருக்கும். அவற்றைக் கட்டுரைக்குள்ளேயே கேட்டுவிடுங்கள். மேலே சொன்ன வீட்டுக் கேள்விக்கு முதல் கிளை: அது அப்பா சம்பாதித்ததா, பூர்வீகமா? அப்பா சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் இறந்திருந்தால் மனைவி, மகன், மகள், உயிரோடிருக்கும் அவருடைய தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள், சம பங்கு. இது 1956இலிருந்தே இப்படித்தான். மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை தந்த 2005 திருத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பூர்வீகம் என்றால்தான் அந்தத் திருத்தமும், 2005 செப்டம்பர் 9 என்ற தேதியும், அன்று தந்தை உயிரோடிருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் வரும். 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாக முடிந்த பாகப்பிரிவினையைத் திருத்தம் கலைக்காது என்பதையும் சேர்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்காரருக்கு இங்கே இன்னொரு அடுக்கு உண்டு. வடக்கே எழுதியதை மொழிபெயர்க்கிறவர்கள் அதைத் தவறாமல் விட்டுவிடுவார்கள். 1989 மார்ச் 25 முதலே இங்கே மாநிலத் திருத்தம் மகளுக்குப் பூர்வீகத்தில் பங்கு கொடுத்துவிட்டது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் திருமணமான மகளை விலக்கியது. 1989க்கும் 2005க்கும் இடையில் நடந்த பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் கையில் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இந்த ஒரு வரிதான் கட்டுரையின் மொத்த மதிப்பு.

நாள் கணக்கை எப்படி எழுதுவது

காலக்கெடு உள்ள எந்த விஷயத்திலும் விதியை மட்டும் எழுதிவிட்டு நகரக் கூடாது. தேதி போட்டுக் காட்ட வேண்டும். செக் வழக்கையே எடுத்துக்கொள்வோம்.

விதியாகச் சொன்னால்: செக் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்த பின் எதிராளிக்கு 15 நாள் அவகாசம். அதற்குள் பணம் வராவிட்டால் வழக்குப் போடும் உரிமை, அதாவது "வழக்கு மூலம்", பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார்.

படிக்கிறவருக்கு இது புரிந்த மாதிரியே இருக்கும். கணக்குப் போடும்போதுதான் தடுமாறுவார். எனவே இப்படித் தொடருங்கள்: செக் தேதி 2026 ஜனவரி 5. வங்கியின் திருப்பு மெமோ மார்ச் 10 அன்று கைக்கு வந்தது. அந்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் நோட்டீஸ் அனுப்பக் கடைசி நாள் ஏப்ரல் 9. நோட்டீஸ் எதிராளிக்கு ஏப்ரல் 13 அன்று சேர்ந்தது என்றால் அவருடைய 15 நாள் ஏப்ரல் 28 அன்று முடிகிறது. வழக்கு மூலம் ஏப்ரல் 29. அந்த நாளையும் விட்டு ஒரு மாதம் எண்ண வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 1999லேயே சொன்னது. எனவே புகாருக்குக் கடைசி நாள் மே 29.

இதை எழுதிய கையோடு, எங்கே சறுக்குவார்கள் என்பதையும் எழுதுங்கள். உண்மையில் வாசகருக்குப் பயன்படுவது அதுதான். "ஒரு மாதம்" என்பதை 30 நாள் என்று எண்ணுவது முதல் சறுக்கல். சட்டத்தில் இருப்பது காலண்டர் மாதம். நோட்டீஸுக்கு 15 நாள்தான் என்று நம்புவது இன்னொன்று. அது பழைய சட்டம், 2003 பிப்ரவரியிலிருந்து 30 நாள். செக்குக்கு 6 மாத ஆயுள் என்பதும் பழங்கதை, ரிசர்வ் வங்கி 2012 ஏப்ரல் 1 முதல் 3 மாதமாக்கிவிட்டது. அவசரப்பட்டு எதிராளியின் 15 நாள் அவகாசம் முடியும் முன்பே புகார் போடுகிறவர்களும் உண்டு. அது சட்டப்படி புகாரே ஆகாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. நோட்டீஸில் செக் தொகையைத் தனியாகக் குறிப்பிடாமல் வட்டி, செலவு, பழைய பாக்கி எல்லாவற்றையும் ஒரே தொகையாகக் கூட்டிக் கேட்டால் நோட்டீஸே அடிபடும். கோர்ட் விஷயத்தில், கணக்கில் போட்டு வசூலிக்கும் செக்கானால் உங்கள் கணக்கு இருக்கும் கிளை எந்தக் கோர்ட் எல்லையில் வருகிறதோ அங்கே. 2015 திருத்தத்துக்குப் பின் இதில் குழப்பமில்லை.

மே 29 தாண்டிவிட்டால்? போதுமான காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. "கடைசி நாள் தவறினால் எல்லாம் போச்சு" என்று எழுதுவது தவறு மட்டுமல்ல, பயமுறுத்தி வரவழைக்கும் வேலை. அதே போல நோட்டீஸுக்கு வக்கீல் கட்டாயமில்லை என்பதையும் எழுதுங்கள். பணம் பெற வேண்டியவரே எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பலாம். இந்த வரியை எழுதக் கை கூசும். கூசுகிற வரிகளைக் கட்டுரையில் எண்ணிப் பார்த்தால் அது யாருக்காக எழுதப்பட்டது என்று தெரிந்துவிடும்.

எண்களும் தீர்ப்புகளும்

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியம். மோசடிக்கான பழைய 420ஆம் பிரிவு பேச்சுத் தமிழில் என்றைக்கும் ஃபோர் ட்வென்டிதான். ஆனால் சட்டத்தில் அது இப்போது 318(4). ஜீவனாம்சம் 125ஆக இருந்தது 144 ஆகிவிட்டது. முதல் தகவல் அறிக்கையின் 154 இப்போது 173. இரண்டு எண்ணையும் எழுதுங்கள். வாசகர் கையில் இருக்கும் எஃப்.ஐ.ஆர். எந்தத் தேதியில் நடந்த சம்பவத்துக்கானது என்பதைப் பொறுத்துத்தான் தண்டனைப் பிரிவு அமையும். 2024 ஜூனில் நடந்த குற்றத்துக்கு இன்றும் பழைய தண்டனைச் சட்டமே.

வாடகை விஷயமும் அப்படித்தான். 1960ஆம் ஆண்டுக் கட்டடக் குத்தகை, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை வைத்து "நியாய வாடகை மனு போடுங்கள்" என்று சொல்லும் பழைய கட்டுரைகள் இன்னும் சுற்றுகின்றன. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருப்பது 2017ஆம் ஆண்டுச் சட்டம். நியாய வாடகையை எதிர்பார்த்து வாடகை தர மறுத்துக்கொண்டிருப்பவரை அந்தக் கட்டுரை நேராக வெளியேற்ற மனுவில் கொண்டுபோய் நிறுத்தும்.

தீர்ப்பைச் சொல்லும்போது அதைத் திறந்து, சம்பந்தப்பட்ட பத்தியைப் படித்து, பத்தி எண்ணோடு குறிப்பிடுங்கள். உச்ச நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் தரும் பொது மேற்கோள் எண்ணைப் போட்டால் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடிச் சரிபார்க்கலாம். தீர்ப்பின் மேலே சுருக்கமாக வரும் தலைக்குறிப்பை மட்டும் படித்து எழுதாதீர்கள். அது பதிப்பாளர் எழுதியது, தீர்ப்பு அல்ல. தீர்ப்பின் மூல வாசகத்தை எடுத்தாளப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடையில்லை என்கிறது. பதிப்பாளரின் தலைக்குறிப்பை அப்படியே தூக்கிப் போடுவது வேறு விவகாரம், 2007இல் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைச் சொல்லியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் வழக்குப் பெயர் கேட்டு எழுதுகிறவர்கள் 2023இல் நியூயார்க்கில் நடந்ததை நினைவில் வைக்கலாம். இல்லாத தீர்ப்புகளைக் கோர்ட்டில் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு அங்கே 5,000 டாலர் அபராதம் விழுந்தது. கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீலும் நீதிபதியும் கண்டுபிடித்தார்கள். உங்கள் வாசகருக்குக் கண்டுபிடிக்க ஆளில்லை.

இரண்டு அமர்வுகள் முரண்பட்டு நிற்கும் விஷயமென்றால் முரண்பாட்டையே எழுதுங்கள். ஒன்றை மறைத்து மற்றதை மட்டும் சொன்னால் படிக்கிற சக வக்கீல்கள் அந்த இடத்திலேயே மூடிவிடுவார்கள்.

கட்சிக்காரர் கதையைத் தொடாதீர்கள்

"நம்மிடம் வந்த ஒரு வழக்கு" என்று தொடங்கும் கட்டுரைகள் நன்றாக ஓடும். ஓடுவதற்கான விலையைக் கட்சிக்காரர் கொடுக்கிறார். தொழில்முறையில் தெரிந்துகொண்டதை அவருடைய சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்பது சாக்ஷ்ய அதினியத்தின் 132ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் 126. வழக்கு முடிந்தாலும், அவர் வேறு வக்கீலிடம் போய்விட்டாலும் இந்தக் கடமை முடியாது. பெயரை மாற்றினால் போதும் என்று நினைப்பது தவறு. ஒரு தாலுகா, ஒரு தொழில், மூன்று சகோதரிகள், வழக்குப் போட்ட ஆண்டு என்ற நான்கும் சேர்ந்தால் ஊரில் எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

சம்மதம் வாங்கினால் ரகசியக் கடமை தீரலாம். விதி 36 தீராது. தான் ஆஜரான வழக்கை வைத்து எழுதுவது அதன் வாசகத்துக்குள்ளேயே வருகிறது. இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளில் தடை இன்னும் நேரடியானது. 22ஆம் பிரிவின்படி நடவடிக்கை மூடிய அறையில் நடக்கும். உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அனுமதியோடு வெளியிடுவது தவிர வேறெதையும் அச்சிடக் கூடாது. பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவில் குற்றம். குழந்தை என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்ஸோ சட்டத்தின் 23ஆம் பிரிவு.

உதாரணம் தேவைப்பட்டால் முழுக்கக் கற்பனையாக ஒன்றை உருவாக்கி, "கற்பனை உதாரணம்" என்று சொல்லிவிட்டே எழுதுங்கள். "கமலா, அவருடைய அண்ணன், 1,200 சதுர அடி வீடு" போதும். சட்டம் அதிலேயே விளங்கும். உணர்ச்சி குறையும்தான், குறையட்டும்.

எழுதும் நடை

முதல் பத்தியில் பதில். "பட்டா மாறியதால் உங்கள் பங்கு போகாது. பட்டா வருவாய்த் துறைப் பதிவு. உரிமையைத் தீர்மானிப்பது பத்திரமும் வாரிசுரிமையும்." பிறகு விதிவிலக்கு, பிறகு காகிதங்கள், பிறகு எங்கே போவது.

காகிதங்களைப் பொதுவாக "தேவையான ஆவணங்கள்" என்று எழுதுவதில் பயனில்லை. பட்டா, வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று என்று எழுதி, ஒவ்வொன்றும் எங்கே கிடைக்கும் என்றும் எழுதுங்கள்: வில்லங்கம் பதிவுத்துறை இணையதளத்தில் அல்லது சார்பதிவாளர் அலுவலகத்தில், வாரிசுச் சான்று தாசில்தார் அலுவலகத்தில். வில்லங்கச் சான்றை எந்த ஆண்டிலிருந்து எடுப்பது என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் வழக்கமான குறை. மூலப் பத்திரத்தின் தேதிக்கு முன்பிருந்து கேட்கச் சொல்லுங்கள்.

கோர்ட் பாஷையைத் தவிர்க்கவே வேண்டாம். வாசகர் அதைக் கோர்ட்டில் எதிர்கொள்ளத்தான் போகிறார். தாவா, வாய்தா, வக்காலத்து, எதிருரை, இடைக்கால மனு ஒவ்வொன்றும் முதலில் வரும்போது அரை வரியில் விளக்கினால் போதும். காவல் நிலையப் புகார் பற்றி எழுதும்போது புகார் வந்து சேர்ந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதுக்கும் எஃப்.ஐ.ஆருக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லாமல் போகாதீர்கள். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு வழக்குப் பதிவாகிவிட்டதாக நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம்.

கடைசியில் உங்கள் எண்ணுக்குப் பதிலாக மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இடத்தைச் சொல்லுங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவச வக்கீல் உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. அழைப்பு எண் 15100. இதைப் படித்து அங்கே போகிறவர் உங்கள் கட்சிக்காரராக வர மாட்டார்தான்.

கையெழுத்தாகப் பெயர், பதிவு எண், "இந்தத் தேதியில் இருந்த சட்டப்படி" என்ற வரி. அங்கி அணிந்த படம் வேண்டாம்.

கேள்விகள் வரும்போது

கட்டுரையை வெளியிட்டுவிட்டுப் போய்விட்டால் அது பிரசங்கம். வருகிற கேள்விக்குப் பதில் சொல்வதில்தான் பேச்சு இருக்கிறது, ஆபத்தும் அங்கேதான்.

"சார், என் கேஸ் நம்பர் இது, என் மாமியார் பெயர் இது" என்று ஒருவர் முழு விவரத்தையும் பொதுவில் எழுதிவிடுவார். முதல் வேலை அதை நீக்குவது, அல்லது அவரையே நீக்கச் சொல்வது. எதிர்த்தரப்பு வக்கீல் படித்துக்கொண்டிருக்கலாம். அந்த மாமியார் உங்கள் சேம்பரின் கட்சிக்காரராகவே இருக்கலாம். அதனால் விவரத்தைப் படித்து நினைவில் ஏற்றிக்கொள்வதுகூட உங்களுக்குச் சிக்கல்.

பதில் இந்த அளவில் நிற்கட்டும்: "பொதுவாக விதி இதுதாம்மா. உங்கள் விஷயத்தில் இது பொருந்துமா என்பது சொத்து யார் பெயரில், எந்த ஆண்டில் வாங்கியது என்பதைப் பொறுத்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டு, அதோடு ஒரு வக்கீலைப் பாருங்கள். செலவு கஷ்டமென்றால் கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது." விதி, விடுபட்ட விவரம், போக வேண்டிய இடம். "ஜெயிச்சிடலாம்மா, கவலைப்படாதீங்க" என்பதற்கு இதில் இடமில்லை. "இன்பாக்ஸ் வாங்க" என்பதற்கு அறவே இல்லை. அதுவரை நீங்கள் எழுதிய அத்தனையையும் அந்த இரண்டு சொல் விளம்பரமாக்கிவிடும்.

"என் வக்கீல் வாய்தாவுக்கே வர்றதில்லை, மாத்தலாமா?" என்று கேட்பார்கள். மாற்ற அவருக்கு உரிமை உண்டு, வழக்குக் கட்டைத் திரும்பக் கேட்கலாம் என்பது வரை சொல்லுங்கள். அந்த வக்கீலின் திறமை பற்றி ஒரு சொல் வேண்டாம். ஏற்கெனவே வக்காலத்து உள்ள வழக்கில் அவர் சம்மதமின்றி, அல்லது கோர்ட் அனுமதியின்றி, ஆஜராகக் கூடாது என்று விதி 39 இருக்கிறது. அந்த வழக்கே நாளை உங்களிடம் வந்தால் இன்று எழுதியது உங்களைக் குத்தும்.

சக வக்கீல்களோடு தீர்ப்பை விவாதிப்பது வேறு ரகம். அதில் தயக்கம் தேவையில்லை. இறுதியாக முடிந்த வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது அவமதிப்பல்ல என்று 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவே சொல்கிறது. தர்க்கத்தை விமர்சியுங்கள், நீதிபதியின் நோக்கத்தை அல்ல. நீங்கள் ஆஜராகி நிலுவையில் இருக்கும் வழக்கு பற்றி மட்டும் வாயே திறக்காதீர்கள்.

யாராவது பிழை சுட்டினால் கட்டுரையின் தலையிலேயே தேதியோடு திருத்தம் போடுங்கள். சத்தமில்லாமல் எண்ணை மாற்றிவிட்டால், பழையதைப் படித்து ஏற்கெனவே நோட்டீஸ் அனுப்பியவருக்கு எது மாறியது என்றே தெரியாது. கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது சேம்பருக்கே வந்து நின்றால், அது தானாக வந்த வேலை. மற்ற எவரையும் போலவே எதிர்த்தரப்பு யார், காலக்கெடு எப்போது, வேறு வக்காலத்து இருக்கிறதா என்ற மூன்றையும் முதலில் கேளுங்கள். "பதிவைப் பார்த்து வந்தவர்களுக்குக் கட்டணம் குறைவு" என்று ஆரம்பித்தால் மறுபடி விதி 36.

ஆண்டுக்கு ஒருமுறை எல்லாக் கட்டுரைகளையும் எடுத்துப் பிரிவு எண், காலக்கெடு, கட்டணம், தீர்ப்பு நிற்கிறதா என்ற வரிசையில் சரிபாருங்கள். முதலில் கெட்டுப்போவது கட்டணத் தொகைதான். அதை எழுதாமல் எந்த அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்று எழுதினால் வேலை பாதி குறையும். சட்டம் மாறிவிட்ட பழைய கட்டுரையை நீக்க வேண்டாம். மேலே "2024 ஜூன் 30 வரை நடந்த சம்பவங்களுக்கு மட்டும்" என்று ஒரு வரி சேர்த்து, புதியதற்கு வழி காட்டிவிடுங்கள். அந்தத் தேதிக்கு முன் நடந்த சம்பவங்களின் வழக்குகள் கீழ்க் கோர்ட்களில் இன்னும் பல ஆண்டுகளுக்கு வாய்தா வாங்கிக்கொண்டுதான் இருக்கும்.